மூச்சுப் பயிற்சி மழைக்கு முன்பே வரட்டும்

புழல் ஏரியில் உபரிநீர் திறக்கும்போதெல்லாம் அரசிடமிருந்து ஓர் எச்சரிக்கை வரும். நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று கால்வாயோடு சேர்ந்து இறங்கிவரும் அந்த ஊர்ப் பட்டியல் வடசென்னையின் சடையங்குப்பத்தில் வந்து முடியும். பூண்டியில் திறந்தால் வேறொரு பட்டியல். கொசஸ்தலை ஆற்றின் இரு கரை ஊர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் அது, மணலி புதுநகரைத் தாண்டி எண்ணூரைத் தொடும் முன்னர் மறுபடியும் சடையங்குப்பத்தின் பெயரைச் சொல்லும். சென்னைக்குக் குடிநீர் தரும் இரண்டு ஏரிகள் நிரம்பினால், அந்த நீர் கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். நகரத்தின் மற்ற பகுதிகளில் இருப்பவர்கள் ஏரி நிறைந்தது என்று மகிழும் அதே காலையில், இங்கே இருப்பவர்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றலாமா, பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். 2015, 2021, 2023 என்று வெள்ள ஆண்டுகளை அவர்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

2023 டிசம்பரை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனி, மணலி புதுநகர் எல்லாம் தண்ணீரில். வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து கலந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கத்து மீனவர்களின் படகிலும் வலையிலும் தார்போல ஒட்டியது. அதை மக்கிலும் வாளியிலும் மொண்டு அள்ளியவர்களில் அந்த மீனவர்களே பலர். அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு வாரத்துக்குள் நீர், எண்ணெய், வாயு என்று மூன்று. ஒரே வீடு மூன்றையும் சந்திக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே கழிமுகத்தைச் சுற்றி, ஒரே சந்தையில் மீன் வாங்கி விற்று, கொள்வினை கொடுப்பினை வைத்திருக்கும் ஊர்கள் இவை. ஓர் ஊரின் பயம் அடுத்த ஊருக்குப் போய்ச்சேர அதிக நேரம் ஆவதில்லை.

இதற்குப் பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. மருத்துவ முகாம்கள் போடப்பட்டன. காய்ச்சலுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கிடைத்தது. இவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆடு, மாடு, படகு, ஓடு, சுவர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, தூக்கத்துக்கு இல்லை. தகரக் கூரையில் நாலு துளி விழுந்ததும் எழுந்து வாசலைப் பார்க்கும் பாட்டிக்கு என்ன கட்டம்? பள்ளிக்கூடத்தில் மேகம் கறுத்ததும் வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளைக்கு? உடலையும் மனதையும் சேர்த்துப் பழக்கும் மூச்சுப் பயிற்சி, யோகா, தளர்வுப் பயிற்சி போன்றவை பேரிடர் கண்ட ஊர்களுக்கு வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் பெருகியிருக்கிறது. அது சடையங்குப்பத்துக்கும் வர வேண்டும் என்பதே என் வாதம். ஆனால் வழக்கமாக அது வரும் நேரத்திலும், வரும் விதத்திலும் வரக் கூடாது. வெள்ளம் வடிந்தபின் மூன்று நாள் முகாமாக வருவதால் பயன் சொற்பம். மழைக்கு முன்பே, வெள்ள முன்னேற்பாட்டின் ஓர் அங்கமாக, உள்ளூர்ப் பெண்களின் கையால், ஆண்டுதோறும் வர வேண்டும்.

முதலில், இதெல்லாம் வேலை செய்யுமா? நம் கடற்கரையிலேயே இதற்கான சான்று இருக்கிறது. 2004 சுனாமிக்குச் சில வாரங்களில் தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் 314 பேரிடம் நடத்திய ஆய்வு, 2007இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் வெளிவந்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு அங்கே 12.7 விழுக்காட்டினரிடம் இருந்தது. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். இன்னோர் ஆய்வு, சுனாமிக்குப் பின் முகாம்களில் தங்கியிருந்த, அந்தக் கோளாற்றின் அறிகுறிகள் கடுமையாக இருந்த 183 பேரிடம் நடந்தது, 2010இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு யோக மூச்சுப் பயிற்சி, இன்னொரு பகுதியினருக்கு அதோடு அதிர்ச்சியைப் பேசித் தணிக்கும் சிகிச்சையும், மூன்றாம் பகுதியினருக்கு ஆறு வாரக் காத்திருப்பு. ஆறு வாரத்தில், 17 முதல் 85 வரை மதிப்பெண் தரும் அளவுகோலில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சராசரியாக 40க்கும் மேல் குறைந்தது. காத்திருந்தவர்களுக்கு 5கூடக் குறையவில்லை. பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள், வெறும் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களைவிட மேலாகத் தேறிவிடவில்லை என்பது அதில் எனக்குக் கவனிக்கத்தக்கதாகப் படுகிறது. மனநல வல்லுநர் குறைவான ஊருக்கு இது நல்ல செய்தி.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. அந்த ஆய்வில் யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. முகாம் முகாமாகப் பிரித்தார்கள். சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிடும்போது, யாராவது வந்து உட்கார்ந்து அக்கறையோடு பேசினாலே ஓரளவு தேறியிருப்பார்களே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2008 கோசி வெள்ளத்துக்குப் பிறகு பீகாரில் நடந்த ஆய்வு குலுக்கல் முறையைப் பின்பற்றியது. ஆனால் மொத்தமே 22 பேர், ஒரு வாரப் பயிற்சி. பயிற்சி செய்தவர்களிடம் துயரம் குறைந்தது. செய்யாதவர்களிடம் பதற்றம் அந்த ஒரு வாரத்தில் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தக் கடைசிக் குறிப்பு சிந்திக்க வைக்கிறது. வெள்ளம் வடிந்தபின் மனம் தானாகத் தெளிந்துவிடும், காலமே மருந்து என்று நாம் சொல்கிறோமே, அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஆக, சான்றுகள் சொல்வது இவ்வளவே: பயன் உண்டு, அற்புதம் இல்லை, செலவு மிகக் குறைவு. பொதுச் சுகாதாரத்தில் இப்படிப்பட்ட சான்று கிடைத்தால் அதைப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

உடலின் வழியாக மனதைத் தொடுவது நமக்குப் புதிய சேதியும் அல்ல. பயத்தைத் தமிழ் எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஈரக்குலை நடுங்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓடவில்லை. பயத்தைச் சொல்ல நம் பேச்சு வழக்கு பெரும்பாலும் உடலையே துணைக்கு அழைக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும் பெண் 'எனக்கு மனப்பதற்றம்' என்று சொல்ல மாட்டார். 'நெஞ்சு அடைக்கிறது, தலை சுற்றுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை' என்பார். இரத்த அழுத்த மாத்திரையோ சத்து ஊசியோ வாங்கிக்கொண்டு போவார். அவருடைய உடல் பொய் சொல்லவில்லை. ஆபத்து வந்தபோது இதயத்தை வேகமாக ஓட்டிய அதே நரம்பு மண்டலம், ஆபத்து போனபிறகும் காவலைக் கைவிட மறுக்கிறது. மூச்சு ஒன்றுதான் அந்த ஏற்பாட்டில் தானாகவும் ஓடி, நாம் சொன்னபடியும் கேட்பது. மூச்சை மெதுவாக்கி, வெளிவிடும் மூச்சை நீட்டினால், இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு தன் வேலையைக் கூடுதலாகச் செய்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம், மாடியில் ஒண்டியிருக்கும்போதும் செய்யலாம்.

சிக்கல் 'பிந்தைய' என்ற சொல்லில் இருக்கிறது. பேரிடருக்குப் பிந்தைய மீட்பு, அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு என்று எழுதும்போது பேரிடர் ஒரு நாளில் வந்து ஒரு நாளில் முடிந்துவிட்டது என்று நாம் வைத்துக்கொள்கிறோம். சுனாமிக்கு அது ஓரளவு பொருந்தும். சடையங்குப்பத்துக்குப் பொருந்தாது. இரண்டு ஏரிகளின் வடிகால், ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், மறுபக்கம் மணலியின் புகைபோக்கிகள் என்று அமைந்த ஊரில் போன வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் நடுவில்தான் எப்போதும் வாழ்க்கை நடக்கிறது. அங்கே ஐப்பசியில் ஒருவர் தூங்காமல் இருந்தால் அதைக் கோளாறு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? பாதி நோய், பாதி விழிப்பு. அந்த விழிப்பு போய்விட்டால் ஒருவேளை நள்ளிரவில் தண்ணீர் ஏறுவதும் தெரியாமல் போகும். ஆகவே இங்கே பயிற்சியின் நோக்கம் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று ஆற்றுப்படுத்துவதாக இருக்க முடியாது. விழிப்பு இருக்கட்டும்; அது உடலைத் தின்னாமல் இருக்கட்டும். எழ வேண்டிய இரவில் எழவும், தூங்கலாம் என்கிற இரவில் தூங்கவும் உடலைப் பழக்குவதே இங்கே வேலை.

அப்படியென்றால் அதைக் கற்கும் காலம் வெள்ளம் வடிந்த வாரம் இல்லை. நீச்சலை யாரும் ஆற்றில் விழுந்தபிறகு கற்பதில்லை. வீட்டுக்குள் சேறு கிடக்கும்போது, ரேஷன் அட்டை நனைந்து போயிருக்கும்போது, நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்போது, யாரோ ஒரு தன்னார்வலர் வந்து கண்ணை மூடுங்கள் என்றால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் நியாயமானது. ஆடி தொடங்கிப் புரட்டாசி முடியும் வரை, வாரம் ஒருமுறை, ஊர் அமைதியாக இருக்கும்போது பழகியது கார்த்திகையில் கைகொடுக்கும். மேற்சொன்ன ஆய்வுகள் இதை நேரடியாகச் சோதிக்கவில்லை; அவை நிகழ்வுக்குப் பின்னான பயிற்சியையே பார்த்தன. ஆனால் உடற்பயிற்சி எதுவானாலும், பதற்றமில்லாத நேரத்தில் பழகினால்தான் பதற்றத்தில் நினைவுக்கு வரும். தீயணைப்புத் துறை ஒத்திகை நடத்துவது எரியாத கட்டடத்தில்தான்.

இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் நெருக்கடிகால மனநல ஆதரவுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. ஒரு கூம்பு வடிவம். அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படை வசதிகளும். அதன்மேல் குடும்பம், சமூகத்தின் துணை. அதற்கும் மேலேதான் பயிற்சி பெற்றவர்களின் உதவி. உச்சியில் சிலருக்கு மட்டும் மருத்துவம். மூச்சுப் பயிற்சி நடுவில் வருவது. அடித்தளம் இல்லாமல் நடுத்தளம் அந்தரத்தில் நிற்காது. சுனாமி கிராம ஆய்வின் இன்னொரு முடிவு இதைத்தான் எண்ணால் சொன்னது: வீட்டில் வருமானம் அற்றுப்போனவர்களிடம் அந்தக் கோளாறு கூடுதலாக இருந்தது, பெண்களிடமும் காயமடைந்தவர்களிடமும்கூட. ஆகவே மீன்பிடிக்க முடியாத நாட்களுக்குத் தாமதமில்லாமல் வரும் இழப்பீடு மனநல மருந்துதான். அதை மீன்வளத் துறையின் கணக்கில் எழுதினாலும் சுகாதாரத் துறையின் கணக்கில் எழுதினாலும் உடலுக்குத் தெரியாது.

எச்சரிக்கையும் அப்படித்தான். 'விநாடிக்கு 500 கன அடி திறக்கப்படுகிறது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்கிறது அறிவிப்பு. 500 கன அடி என்றால் சடையங்குப்பத்தின் எந்தத் தெருவில் எத்தனை படி நனையும்? 2,000 என்றால்? பூண்டியில் காலையில் திறந்த நீர் இங்கே எத்தனை மணிக்கு வரும்? கடலில் ஏற்றம் இருந்தால் கழிமுகம் அதை வாங்குமா, திருப்பி அனுப்புமா? இந்தக் கேள்விகளுக்கு நீர்வளத் துறையின் பொறியாளர்களால் விடை தர முடியும். கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகாலுக்காக ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு 3,220 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலை இல்லை. ஊர் நுழைவில் ஒரு கம்பம், அதில் சாயம் பூசிய அளவுக்கோடுகள், இன்ன அளவு திறந்தால் இன்ன கோடு என்று தமிழில் ஒரு பலகை. மனிதரை அதிகமாக வாட்டுவது தீங்கைவிட, அது எப்போது வரும் என்று தெரியாத நிலை. நாள் தெரிந்த தேர்வுக்குப் பயப்படுவதும், எந்த நேரமும் தேர்வு வரலாம் என்று பயப்படுவதும் ஒன்றா? தெளிவான எச்சரிக்கை கிடைக்கும் ஊரில் மூச்சுப் பயிற்சி பலிக்கும். வதந்தியை மட்டுமே நம்பியிருக்கும் ஊரில் எந்தப் பயிற்சியும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கலைந்துபோகும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மிக வலுவானது இது: அநீதியை மனநோயாக மாற்றுகிறீர்கள். எண்ணெய் கொட்டியது யார், கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலை நிரப்பியது யார், வெள்ளத்தின் வடிகாலில் ஆலைகளையும் கிடங்குகளையும் எழுப்ப அனுமதித்தது யார் என்று கேட்க வேண்டிய மக்களைப் பாய் விரித்து உட்கார வைத்து மூச்சை எண்ணச் சொல்வது ஏமாற்று. அதிலும், 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்குக் கொடுத்த மாசுக் குறியீடு 76.32, எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையான மாசு என்று பொருள். அந்தக் காற்றை ஆழமாக இழுக்கச் சொல்வது குரூரமான நகைச்சுவை. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி நடக்கும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. ஆனால் இதற்கான பதிலைப் போபால் நாற்பது ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கிறது.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் நச்சுவாயு கசிந்த அந்த நகரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்காக 1996இல் சம்பாவ்னா என்ற இலவச மருத்துவமனை தொடங்கப்பட்டது. நவீன மருந்தும் ஆயுர்வேதமும் யோகாவும் அங்கே ஒரே கூரையின் கீழ். வாயுவால் நுரையீரல் கெட்டவர்களுக்கு யோகப் பயிற்சி தருகிறார்கள். மூலிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை வெளிக்கொண்டுவந்து, நீதிமன்றத்திலும் தெருவிலும் நிற்கிறார்கள். மூச்சுப் பயிற்சி அவர்களைச் சாந்தப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நாற்பது ஆண்டு போராட வேண்டியிருப்பவருக்குத்தான் தூக்கமும் மூச்சும் அதிகம் தேவை. நீதி கிடைக்கும் வரை நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்று ஏழைகளுக்கு மட்டும் நாம் ஏன் விதி வைக்க வேண்டும்? பயிற்சி ஏமாற்றாவதும் ஆகாததும், அதை யார் நடத்துகிறார், யார் காசில் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. சம்பாவ்னா ஆலை நிறுவனத்தின் காசில் நடக்கவில்லை. தனிமனிதர்களின் நன்கொடையில் நடக்கிறது.

எண்ணூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மாசுக்குக் காரணமென்று சொல்லப்படும் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் மனநல முகாம் நடத்திப் பதாகையில் தன் சின்னத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரூன்றக் கூடாது. அமோனியா கசிவுக்கு 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய தொகைகளில் ஒரு பங்கு, நிறுவனத்தின் பெயரில்லாமல், வார்டு அளவிலான ஒரு குழுவின் கைக்கு வந்து, பத்தாண்டுக்கு உடல் மனநலப் பணிக்கு ஒதுக்கப்படட்டும். காற்றைப் பொறுத்தவரை, நடைமுறை எளிது: மூடிய கூடத்தில், நாற்றமில்லாத நேரத்தில் பயிற்சி, நாற்றம் எழுந்தால் அன்று பயிற்சி இல்லை, புகார். அந்தப் புகார்ப் பதிவேட்டைப் பயிற்சியாளரே எழுதட்டும். எத்தனை வகுப்புகள் காற்றால் ரத்தாயின என்ற கணக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசைக்குப் போகட்டும்.

அடுத்த எதிர்ப்பு, யோகா என்றாலே மதம் நுழைகிறது என்பது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் அடுத்தடுத்த தெருவில் வாழும் வட்டாரத்தில் இது வெற்றுச் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை அழகாகக் கையாண்டார். அவரவர் மரபில் ஏற்கெனவே உள்ளதையே தளர்வுப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்: இந்துவுக்கு ஜபம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு திக்ரு, பௌத்தருக்கு மூச்சின்மேல் கவனம். எல்லாமே ஒரே சொல்லையோ மூச்சையோ ஒரே தாளத்தில் பின்தொடர்ந்து உடலை நிதானப்படுத்துபவை. வடசென்னைக்கு இதைவிடவும் சொத்து இருக்கிறது. இராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டை, வியாசர்பாடிக் கால்பந்து, தெருமுனைக் கேரம். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடும் கானாவைப் போலத் துக்கத்தைக் கூட்டமாகச் சுமக்கும் ஏற்பாடு வேறெங்கே இருக்கிறது? குத்துச்சண்டைக்காரர் அடிபட்டதும் மூலைக்கு வந்து மூச்சைச் சீராக்குகிறாரே, அதைவிடச் சிறந்த பாடம் ஒரு பையனுக்கு எது? மேலிருந்து ஒரே பாடத்திட்டத்தை இறக்குமதி செய்தால் பெண்கள் பத்துப் பேர் வருவார்கள், ஆண்கள் ஒருவரும் வர மாட்டார்கள். அந்த ஆண்களின் தளர்வுப் பயிற்சி டாஸ்மாக் வாசலில் நடந்துகொண்டிருக்கும்.

தீங்கு நேராதா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நேரலாம். அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அமைதிக்குப் பதில் அந்த இரவே திரும்ப வரும். வாயுவில் மூச்சு முட்டியவருக்கு மூச்சே பயத்தின் வாசல். கண் திறந்தபடி, கால்களால் தரையை அழுத்தியபடி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற உரிமையோடு தொடங்க வேண்டும். ஆஸ்துமா, இரத்த அழுத்தம், கர்ப்பம் உள்ளவர்களுக்குக் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தரக் கூடாது. என்ன நடந்தது, சொல்லுங்கள் என்று முதல் நாளே குடைந்து கேட்பதும் கூடாது; ஒரே அமர்வில் அதிர்ச்சியைக் கொட்டித் தீர்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. இவை தெரிந்தவரிடம்தான் பயிற்சியை ஒப்படைக்க வேண்டும். தெரிந்துகொள்வது கடினமும் இல்லை.

யார் செய்வது? புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் யார் என்று அவர்களுக்குத் தெரியும். 'அக்கா வந்திருக்காங்க' என்று கதவு திறக்கும். அவர்களின் குறிப்பேட்டில் 'இந்த வாரம் எத்தனை இரவு தூங்கினீர்கள்' என்று ஒரு கேள்வி சேரட்டும். நகர்ப்புற நலவாழ்வு மையம் பயிற்சிக்கு இடம் தரும். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அங்கிருந்து. கடுமையாக இருப்பவர்களை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்பும் வழி எழுத்தில் இருக்க வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009லேயே பேரிடர்கால உளசமூக ஆதரவுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டுவிட்டது. கூடுதல் வேலைக்குத் தன்னார்வலர்களுக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களும் அதே தண்ணீரில் நின்றவர்கள். வெள்ளம் தங்கள் வீட்டில் ஏறிய நாளிலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லிவிட்டு, அதற்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறை கொடுப்பது நியாயமில்லை.

கடைசியாக, எதிர்வாதம் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பாராட்டு. 'வடசென்னைக்காரர்கள் எதையும் தாங்குவார்கள்.' ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு தொலைக்காட்சியில் இது ஒலிக்கிறது. தாங்குகிறார்கள்தான்; வேறு வழி என்ன இருந்தது? தாங்குகிறவரின் தோளில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றுவதற்கு இந்தப் புகழ்ச்சி வசதியாக இருக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு முதலில் 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டு, பின்னர் அது பல மடங்கானது. அதில் கட்டடமும் பாலமும் பேருந்து நிலையமும் எழும்போது, வார்டுக்கு இரண்டு பயிற்றுநரின் சம்பளம் பிழையாகக்கூடக் கண்ணில் படாத தொகை. அதை ஒதுக்க வேண்டியது இந்த மழைக்காலம் முடிந்தபிறகு வரும் நிவாரண ஆணையில் அல்ல, மழைக்கு முன் கூடும் முன்னேற்பாட்டுக் கூட்டத்தில். மாநகராட்சி ஆணையரும் மண்டல அதிகாரிகளும் மோட்டார் பம்பையும் படகையும் எண்ணும் அந்தக் கூட்டத்தின் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: தூக்கமின்மையோ படபடப்போ இரண்டு வாரத்தைத் தாண்டினால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.